பிரேமலாவின் கட்டைவிரல்

மூன்றாவது தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

பிரேமலா கட்டைவிரலைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி ரேகை எடுக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியில் வைத்தாள். பாஸ்போர்ட் ஆபீஸ் கவுன்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொன்னாள். அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு.

எனக்கு முதல் தடவையிலேயே பச்சை விழுந்திருந்தது. அந்தப் பெருமையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு அவளுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தாக வேண்டும். எங்கள் மகள் ரூபினிக்குச் சிங்கப்பூரில் தலைப்பிரசவம்; அதைப் பிரேமலா கவுன்டரில் உட்கார்ந்ததுமே சொல்லியிருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாலே நாள். அம்மா வந்துவிடுவாள்தானே என்று தினம் போனில் கேட்கிறாள். என்னை அவள் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அக்கா, நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று கவுன்டர் பெண் மலாயில் கேட்டாள்.

பிரேமலா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

முந்திக்கொள்வது எனக்குப் பழக்கம். எங்கள் தாமான் குடியிருப்பில் என்னைக் கூகுள் சதாசிவம் என்பார்கள். தினம் காலை ஏழு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'தெரியுமா உங்களுக்கு?' என்று ஒன்று போடுவேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். பட்டாம்பூச்சி காலால் ருசி பார்க்கும். கோலா கரடியின் விரல் ரேகை மனிதனுடையது மாதிரியே இருக்கும். குழுவில் அறுபத்து மூன்று பேர்.

பாசிர் கூடாங் ஃபேக்டரியில் மேனேஜரோடு சண்டை போட்டு வேலையை உதறிவிட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. தகுதிக்கு ஏற்ற வேலை அமையும்வரை இதுதான் என் உத்தியோகம்.

அதனால் கவுன்டர் பெண்ணிடம் விளக்கினேன். உலகத்தில் மிகச் சில குடும்பங்களில் பிறவியிலேயே விரல் ரேகை இருக்காது. எல்லையில் இவர்கள் மாட்டிக்கொண்டு முழிப்பதால் அதற்குக் 'குடிநுழைவுத் தாமத நோய்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. என் மனைவியின் குடும்பமும் அப்படிப்பட்ட குடும்பம்.

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது நான் சேர்த்தது.

அவள் கண் விரிந்தது. பக்கத்துக் கவுன்டர்க்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னாள். அவரும் எழுந்து வந்து பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிரேமலா என் பக்கம் திரும்பவில்லை. கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

பொய் சொல்லக் காரணம் இருந்தது. எங்களுக்குப் பின்வரிசையில், தன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வந்திருந்த என் அக்கா வீட்டுக்காரர் கனகராஜ் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் பிரேமலா ஹோட்டலில் சூப்பர்வைசர். அப்படித்தான் நான் சொல்லி வைத்திருந்தேன்.

கவுன்டர் பெண் கணினியில் எதையோ தட்டினாள். புருவம் சுருங்கியது. திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

பிரேமலா அடையாள அட்டை எடுத்தபோது பதிந்த கட்டைவிரல். ரேகைகள் சுழித்துச் சுழித்து, ஒன்றுகூட விட்டுப்போகாமல் இருந்தன.

எனக்கு அதற்கு ஏற்ற தகவல் எதுவும் ஞாபகம் வரவில்லை.

"ஸ்கூடாய்ல ஷாப்பிங் சென்டர்ல டாய்லெட் கழுவுறேன், பிளீச் போட்டு. நாலு வருஷமா," என்றாள் பிரேமலா.

மலாயில், நிதானமாக, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். கனகராஜ் சட்டென்று தலையைக் குனிந்து போனைப் பார்த்தார். அந்த இடத்திலிருந்து அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவள் விரலை அப்போதுதான் பார்த்தேன். பாதி கரைந்த சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது.

போன வருஷம் அவள் போன் விரல் வைத்தால் திறக்காமல் போனது. போனைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று நான்தான் கத்தினேன். அன்றிலிருந்து நம்பர் தட்டித்தான் திறக்கிறாள்.

கவுன்டர் பெண் இப்போது என்னிடம் பேசவில்லை. இன்றைக்கு முடியாது அக்கா, அடையாள அட்டை கொடுக்கும் பதிவு இலாகாவில் இது நீங்கள்தான் என்று ஒரு உறுதிக் கடிதம் வாங்கிக்கொண்டு நாளைக்குக் காலையில் நேராக என்னிடமே வாருங்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய்விடலாம் என்று அவளிடம் சொன்னாள். பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு கிரீம் டியூபை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"கொஞ்ச வாரம் பிளீச்ல கை வைக்காம இருந்தா ரேகை திரும்ப வளர்ந்துரும் அக்கா. அண்ணனுக்கு இது தெரிஞ்சிருக்குமே?"

தெரியும்.

போனை எடுத்தேன். விரல் பட்டதும் திறந்துகொண்டது. குழுவில் மேலே தள்ளித் தள்ளிப் போனேன். கனகராஜ் பின்னாலிருந்து பார்க்கிறாரோ என்றுகூட நினைக்கத் தோன்றவில்லை.

போன வருஷம், ஆகஸ்ட் மாதம், காலை ஏழு மணி. 'தெரியுமா உங்களுக்கு? வேலை செய்து தேய்ந்துபோன விரல் ரேகை, கைக்கு ஓய்வு கொடுத்தால் பழையபடியே வளர்ந்துவிடும்!'

அறுபத்து மூன்று பேரில் ஒரே ஒருத்தர்தான் அதற்குக் கீழே கட்டைவிரல் படம் போட்டிருந்தார்.

பிரேமலா. வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து, ஏழு மணி இரண்டு நிமிஷத்துக்கு.