பதினாலு கிராம்

"பிரஷ்ல நாருக்கு வேலை இருக்கு, ஒத்துக்கறேன். கைப்பிடிக்கு என்ன வேலை? சொல்லு பார்ப்போம்!"

இரும்பறுக்கும் ரம்பத்தால் பல் துலக்கும் பிரஷை இரண்டு துண்டாக அறுத்தபடி கேட்டார் அவர். பார்சல் ஆபீஸில் முப்பத்தொரு வருடமாக எடை பார்ப்பவர். பொட்டலம் ஒரு கிராம் கூடினாலும் பிரித்துக் கட்டச் சொல்லித் திருப்பி அனுப்பும் புண்ணியவான். ஆபீஸில் அவருக்குக் 'கிராம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதை விருது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"கைப்பிடியைப் பிடிச்சுக்கலாம். வேறென்ன, பாட்டா பாடும்?" என்றாள் அவர் மனைவி, தையல் மெஷினை மிதித்துக்கொண்டே. ஒவ்வொரு மிதிக்கும் மெஷின் கால் 'டக் டக்' என்று தரையில் இடித்தது. அதைச் சரிபண்ணித் தரச் சொல்லி நாலு வருடமாகிறது.

"உனக்குச் சொன்னாப் புரியாது. உலகத்தைச் சுத்தறவனுக்கு எதை எடுத்துக்கறதுங்கறது முக்கியமில்லை. எதை விட்டுட்டுப் போறதுங்கறதுதான் முக்கியம்."

"எங்களை விட்டுட்டுப் போறீங்களே, அது போதாதா?"

ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு. பதினேழு நாடு. துணைக்கு ஆளில்லை, தோளில் ஒரே பை. இருப்பதிலேயே மலிவான டிக்கெட். நாள் மாற்ற முடியாது, பணம் திரும்ப வராது, பை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த ஏழு கிலோ என்ற வார்த்தையைப் படித்த நாளிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. உலகமே தன் தராசுக்கு வந்துவிட்டது போல ஒரு மிதப்பு. ஹாலில் பாய் விரித்து, விமான நிலையத்தில் தூங்கும் பயிற்சி என்று ஒரு வாரம் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கினார். ஊர் விவரப் புத்தகத்தில் தான் போகாத நாடுகளின் பக்கங்களையெல்லாம் கிழித்துப் போட்டார். சட்டைக் காலரிலிருந்த துணிப்பட்டைகளைக்கூட அவள் கத்தரிக்கோலாலேயே வெட்டி எறிந்தார்.

அவளும் வாயால் குத்தினாளே தவிர, தடுக்கவில்லை. அவர் போகிற நம்பிக்கையில்தான் நானூறு பள்ளிச் சீருடைக்கு முன்பணம் வாங்கியிருந்தாள். வெட்டிய துணியைப் பரப்ப ஹால் முழுக்க வேண்டும். அந்த ஹாலில் இந்த மனிதரும் அவர் தராசும் இருக்கக் கூடாது. அவள் உலகம் சுற்றக் கேட்கவில்லை. ஒரு ஹாலைத்தான் கேட்டாள்.

"என்ன அத்தான், நாளைக்கு நெசமாவே போறீங்களா? இல்லை, தெருமுனை வரைக்கும்தானா?" என்றபடி உள்ளே வந்தான் டாக்ஸி ஓட்டும் அவள் தம்பி.

"பேசுடா மச்சான், பேசு. எடை தெரியாதவனுக்கு வாய்தான் கனம்." பையைத் தூக்கி எலெக்ட்ரானிக் தராசில் வைத்தார். ஏழு கிலோ, பதினாலு கிராம்.

முகம் சுருங்கிவிட்டது. சோப்பைப் பாதியாக்கினாயிற்று, செருப்பு வாரைக் குறைத்தாயிற்று, அறுத்த பிரஷும் உள்ளேதான் இருக்கிறது. இன்னும் பதினாலு.

"அந்தப் பதினாலு கிராமைச் சட்டைப் பையில போட்டுக்கங்க, முடிஞ்சது" என்றான் தம்பி.

"அது திருட்டுத்தனம்! முப்பத்தொரு வருஷம் ஒருத்தனையும் அப்படி விட்டதில்லை நான்."

"அப்போ மீசையை எடுத்துடுங்க."

அக்காவும் தம்பியும் சிரித்த சிரிப்பில் மெஷினே நின்றுவிட்டது. அவர் பையை அணைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் எழுந்து வந்தபோது தராசில் பை இருந்தது. சரியாக ஏழு கிலோ. ஒரு கிராம் இப்படி அப்படி இல்லை.

"எதை எடுத்தீங்க?"

"மூளை உள்ளவனுக்குத் தெரியும்" என்றார். அதோடு நிற்கவில்லை. குனிந்து, மடித்து வைத்திருந்த எதையோ மெஷின் காலுக்கடியில் செருகினார். "இப்போ மிதிச்சுப் பாரு."

மிதித்தாள். டக் சத்தம் போயே போய்விட்டது. பாவம், போகிற நேரத்திலாவது மனுஷனுக்கு நம் நினைப்பு வந்ததே! நேற்று அவ்வளவு சிரித்திருக்க வேண்டாம்.

விமான நிலையம் வரைக்கும் அவள் ஒரு குத்தல்கூடப் பேசவில்லை. தம்பிதான் ஆச்சரியமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அக்காவும் தம்பியும் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு கூடவே உள்ளே வந்தார்கள். கவுன்டரில் இருந்த பெண் பையைத் தராசில் வைக்கச் சொன்னாள். ஏழு. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கைதட்டுவதற்கு யாராவது இருப்பார்கள் என்று எதிர்பார்த்தது போல.

"பார்த்தியாடா மச்சான்? இதுக்குப் பேர்தான் திட்டமிடறது!"

"பாஸ்போர்ட் குடுங்க சார்."

பையின் பக்கவாட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் விரித்தாள். புரட்டினாள். மூடி, வெளியட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி விரித்தாள்.

"உங்க போட்டோ இருக்கு. அதுக்கப்புறம் பின்னட்டை இருக்கு. நடுவுல இருந்ததெல்லாம் எங்க சார்?"

"எல்லாம் காலிப் பக்கம்மா! ஒரு எழுத்துக் கிடையாது" என்றார் அவர், பெருமை துளியும் குறையாமல். "முழுசாப் பதினாலு கிராம்."

அந்தப் பெண் தொலைபேசியை எடுத்து மேலதிகாரியை அழைத்தாள். பின்னால் நின்றிருந்த மனைவிக்கோ, தன் மெஷின் காலையிலிருந்து எதன்மேல் ஆடாமல் நிற்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.