கண்ணாடிக்கு வைத்த பொட்டு

பட்டறைச் சுவரில் தொங்கிய பாதுகாப்புக் கண்ணாடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதன் எதிரிலேயே மாசிலாமணி வெறுங்கண்ணோடு குனிந்து, கிரைண்டிங் மெஷினில் இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொறி பறந்தது.

"இவர் என்னை எப்பத்தான் எடுத்து மாட்டுவார்?" என்று கண்ணாடி மெஷினைக் கேட்டது.

"என்னை ஏன் கேக்குற? என் பொறி ஆள் பார்த்தா பறக்குது? போன வாரம் அவர் புருவத்துல ஒண்ணு பட்டுச்சு. அரை அங்குலம் கீழே பட்டிருந்தா கண்ணே போயிருக்கும்" என்றது மெஷின்.

கண்ணாடிக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. மாசிலாமணி மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தார். ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் வைத்தார். கடைசியில் கண்ணாடியை இறக்கி, இரண்டு வில்லைகளின் நடுவிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்.

"பார்த்தியா, என்னையும் மதிச்சுட்டார்!" என்றது கண்ணாடி.

"அது சரி, உன் வழியா இப்ப ஏதாவது தெரியுதா?" என்றது மெஷின்.

மறுநாள் வேலை தொடங்கும் முன் மாசிலாமணி புருவத்துக் காயத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, வாங்கிய நாளிலிருந்து முதல்முறையாக, மாட்டிக்கொள்வதற்காகக் கண்ணாடியை எடுத்தார்.

"துடைங்க! துடைச்சுட்டு மாட்டுங்க!" என்று கண்ணாடி பதறியது.

மாசிலாமணி பொட்டைப் பார்த்தார். "பூஜையில வச்சது. அழிக்கக் கூடாது" என்றார்.

கண்ணாடியைப் பயபக்தியோடு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, பழையபடி ஆணியில் மாட்டினார்.

பிறகு மெஷினின் சுவிட்சைப் போட்டார்.