சிடுமூஞ்சி மேல் ஒரு புகார்

"எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேஜையில் புகார்ப் புத்தகம் கிடந்தது. தையல்காரம்மா அதை எடுத்துக் கணவர் மடியில் போட்டாள்.

"நீயே எழுதேன்."

"கையில ஊசி குத்தி மருந்து ஏத்தியிருக்காங்கல்ல? விரல் மடங்கலை. எழுதுங்க. ஸ்கேன் எடுக்கற ஆள் சிடுமூஞ்சி."

"அப்படியேவா?"

"பின்னே? பாட்டாவா எழுதப் போறீங்க?"

எழுதினார்.

"இரும்பு ஏதாவது இருக்கான்னு கேட்டான். இல்லைன்னேன். அப்புறம் தேடினா ஆறு ஊக்கு இருக்கு."

"தையல்காரி உடம்புல ஆறுதானா?"

"அதுக்கு ஒரு மனுஷன் சிரிக்க வேண்டாமா? தட்டை நீட்டி 'போடுங்க'ங்கறான். மாட்டிக்க ஒரு உடுப்பு கொடுத்தான். முதுகுல நாலு கயிறு இருக்கணும், ரெண்டுதான் இருக்கு. அதைச் சொன்னேன். அதுக்கும் சிரிக்கலை."

"அது சிரிக்கிற விஷயமா?"

"குழாய்க்குள்ள தள்ளி, மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்கன்னு முக்கால் மணி நேரம்."

"மூச்சு விடாமத் திட்டறவளுக்கு அதுல என்ன கஷ்டம்?"

அவள் முறைக்கவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

"வெளியே வந்ததும் கேட்டேங்க, எப்படிப்பா இருக்குன்னு. 'டாக்டர் சொல்லுவார்'னான். என் மூஞ்சியைக்கூடப் பார்க்கலை." குரல் இறங்கியது. "ஏதோ பார்த்திருக்கான். அதான்."

பேனா நின்றது.

போன வாரம் வயிற்று வலி என்று சாதாரண ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் ஒரு புள்ளி தெரிந்தது. நல்லதா கெட்டதா என்று பெரிய ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். காலையில் கிளம்பும்முன் அவள், தைத்து முடிக்காத துணிகளில் எல்லாம் யாருடையது, என்ன பாக்கி என்று சீட்டு குத்தி வைத்தாள். வேறு யாராவது முடிக்க வசதியாக. அவர் பார்த்தார். பார்க்காத மாதிரி செருப்பைத் தேடினார்.

"சிடுமூஞ்சிக்கு எத்தனை சுழி போடணும்?" என்றார்.

"உங்க தலை."

வரவேற்புப் பெண் புத்தகத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். ஒரு மணி நேரம் கழித்து இவர்களையும் கூப்பிட்டாள்.

ஸ்கேன் படிக்கும் டாக்டர் வயதானவர். எதிரே கம்ப்யூட்டரில் ஈரல் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் புகார்ப் புத்தகம்.

"உட்காருங்கம்மா. முதல்ல இது. கெட்ட கட்டி இல்லை."

தையல்காரம்மா உட்கார்ந்தாள். நின்றுகொண்டிருந்த கணவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ரத்தக் குழாய்கள் சுருண்டு முடிச்சு மாதிரி இருக்கு. பாருங்க, மருந்து ஏத்தினதும் ஓரத்துல இருந்து மெதுவா உள்ளே நிறையுது. கெட்ட கட்டி இப்படி நடந்துக்காது. ரொம்ப வருஷமா இருந்திருக்கும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அப்ப வலி?"

"அது வேற. நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?"

"எங்க சாப்பிடறா?" என்றார் கணவர். அழுகையை அடக்கியதில் அது அதட்டலாக வந்தது.

அவளுக்கு உயிர் திரும்பியது. கூடவே கோபமும்.

"ஏன் டாக்டர், இதை அந்த ஆள் அப்பவே ஒரு சிரிப்புல காட்டியிருந்தா என்ன? ஒரு மணி நேரம் செத்துப் பிழைச்சேன்."

டாக்டர் புத்தகத்தை மூடினார்.

"முன்னாடி அவன் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பான்மா. நல்ல பையன்னு பேர். ஒரு நாள் ஒரு அம்மா வந்தாங்க. அப்பல்லாம் ரிப்போர்ட் மறுநாள்தான். 'அந்தத் தம்பி சிரிச்சுதே, ஒண்ணும் இருக்காது'ன்னு ரிப்போர்ட் வாங்கவே வரலை. போன் பண்ணினோம், எடுக்கலை. ஏழு மாசம் கழிச்சு வந்தாங்க. முன்னாடியே வந்திருந்தா கட்டியை வெட்டி எடுத்திருக்கலாம்."

டாக்டர் புத்தகத்தை ஓரமாகத் தள்ளினார்.

"அன்னிக்கு விட்டான் சிரிப்பை."

தையல்காரம்மா மெதுவாகக் கேட்டாள். "நல்லா இருக்கறவங்களைப் பார்த்தாவது சிரிக்கலாமே?"

"உங்களைப் பார்த்துச் சிரிச்சா, சிரிக்காம அனுப்பறவங்களுக்குக் கெட்டதுன்னு தெரிஞ்சுடாதா?"

அவள் கண் புகார்ப் புத்தகத்துக்குப் போனது.

"புகாரை அடிச்சுடவா?" என்றார் டாக்டர்.

"சிடுமூஞ்சியை அடிங்க. முதுகுக் கயிறு அப்படியே இருக்கட்டும். அந்த உடுப்பை எல்லாம் கொடுத்தனுப்புங்க, நான் தைச்சுத் தர்றேன்."

கதவைத் திறந்தார்கள். வெளியே சிடுமூஞ்சி அதே மூஞ்சியோடு அடுத்த பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு பெண் கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு எழுந்தாள். அவள் கண் தையல்காரம்மா முகத்தில்தான் இருந்தது.

கணவருக்கு முப்பத்திரண்டு பல்லும் வெளியே.

தையல்காரம்மா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அவர் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"வாயை மூடுங்க. அடுத்தவங்க பார்க்கறாங்க."