நூறு வரைக்கும் ஏத்தியாச்சு

லினக்ஸ் இயங்குதளம் போட்ட லேப்டாப் ஒன்றில் மங்கையர்க்கரசிக்கு வேலைக்கான நேர்காணல் நடந்துகொண்டிருந்தது. திரையில் அதிகாரி வாயசைத்தார், சத்தம் வரவில்லை. அவள் வால்யூம் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

“எனக்கு ஒண்ணுமே வரலையே அண்ணே,” என்றது ஸ்பீக்கர்.

“நூறு வரைக்கும் ஏத்திட்டேன். திரையில பாரு,” என்றது பட்டன்.

“ஏத்தினதெல்லாம் எங்க போகுது?”

“டிவி ஒயர் சொருகுற ஓட்டைக்கு. தீபாவளிக்கு டிவியில படம் பார்த்தப்ப அங்க அனுப்பச் சொன்னாங்க.”

“அந்த ஒயரைக் கழட்டி மூணு மாசம் ஆச்சே.”

“அனுப்பாதேன்னு யாரும் சொல்லலையே. என் வேலையை நான் ஒழுங்காத்தான் செய்யறேன்.”

அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கைகூப்பி விடைபெற்றார். அப்போது பட்டன், நூறையும் தாண்டி லினக்ஸ் அனுமதிக்கும் நூற்றைம்பதைத் தொட்டிருந்தது.