விற்காத பத்து லேப்டாப்

கடையில் இருந்தவர்கள்: விற்பனைப் பெண், கேமிங் லேப்டாப் வாங்க வந்த கணவன் மனைவி, சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வழுக்கைத் தலையர்.

"இதையே எடுத்துக்கறோம்" என்று கணவன் பர்ஸைத் திறந்தான்.

"ஐயோ, வேண்டாம் தம்பி!" வழுக்கைத் தலையர் துள்ளி எழுந்தார். "அடுத்த மாசம் புது கிராபிக்ஸ் கார்டோட வருது. கேம்ல மழை பெஞ்சா ஒவ்வொரு துளியும் தனியா தெரியுமாம்! கொஞ்சம் பொறுங்க."

"சார், வாயை மூடிட்டு உக்காருங்க" என்றாள் விற்பனைப் பெண்.

"எப்படிம்மா உக்கார்றது? அதை எப்பப் பார்ப்போம்னு ரெண்டு நாளா தூக்கமே இல்லை எனக்கு!"

மனைவி கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். "பெரியவர் நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாரு. வாங்க, போலாம்."

இருவரும் போய்விட்டார்கள்.

"காலையிலேர்ந்து நாலு பேரை விரட்டிட்டீங்க" என்றாள் பெண். "இப்பதான் கம்பெனியிலேர்ந்து போன் வந்துச்சு. இந்தப் பழசு பத்தையும் வித்தாத்தான் நமக்குப் புதுசு அனுப்புவாங்களாம். இல்லேன்னா எல்லாம் எதிர்க்கடைக்குப் போயிடுமாம்."

"எதிர்க்கடைக்கா?" அவர் முகம் தொங்கிப்போனது. "அப்ப அந்தக் கடைக்காரன் புதுசை எனக்கு முன்னாடி பார்த்துடுவானா?"

"பின்ன?"

கண்ணாடிக்கு வெளியே ஓர் இளைஞன் வந்து நின்று லேப்டாப்களைப் பார்த்தான். வழுக்கைத் தலையர் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, பின்னால் இருந்த ஸ்டாக் ரூமுக்குள் ஓடினார்.

"பத்தும் போனப்புறம் திற. நான் கத்தினாலும் திறக்காதே!"

"சரிங்க முதலாளி" என்று அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.