மிலாருக்குக் குளிராதா?

“பூவுக்கெல்லாம் போர்வை போத்துறியே, அந்த மிலாருக்குக் குளிராதாம்மா?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். உறைபனி மாதங்களில் மிலார் என்னும் காட்டுச் செடியைத் தழையோடு வெட்டிவந்து பங்களாவின் ஹைட்ரேஞ்சியாச் செடிகளை மூடுவது ஞானசெல்வியின் வேலை. கூட வேலைசெய்த மாசிலாதான் பதில் சொன்னாள்: “குளிரும் கண்ணு. சம்பளந்தான் கெடையாது.” சொல்லிவிட்டு, இருமிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தன் கம்பளிச் சால்வையைப் போர்த்தினாள்.

“உனக்கு வேணாமாக்கா?” என்றாள் ஞானசெல்வி.

“நான் மரக்கட்ட. எனக்கென்ன குளிரு?”

கிறிஸ்துமஸுக்கு முன்பே மாசிலா மார்ச்சளியில் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தன்றும் சால்வை பிள்ளையின் தோளில்தான் இருந்தது. பங்களா அம்மாள் கல்லறைக்கு ஒரு ஹைட்ரேஞ்சியாத் தொட்டி அனுப்பினார். மூட ஆளில்லாமல் ஒரே பனியில் அது வெந்த கீரைபோலக் கருகியது.

மறுவாரம் அம்மாள், “பூச்செடிக்கு அடியில காட்டு ஸ்ட்ராபெரி படருது பாரு. களை. வேரோட பிடுங்கிப் போடு” என்றார். எந்தப் பனிக்கும் கருகாத கொடி அது. ஞானசெல்வி வேர் அறாமல் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு பூசைக்கு மணி அடிக்குமுன் கல்லறைத் தோட்டத்தில் ஒருவருமில்லை. மாசிலாவின் மண்மேட்டில் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை கொடியை இடைவெளி விடாமல் நட்டாள். பிறகு, தூங்கும் பிள்ளைக்குச் செய்வதுபோல, ஓரங்களை மெல்ல உள்ளே செருகினாள்.