இரைப்பைக்குள் ஒரு கொய்யா விதை

ஒருவன் அவசரமாக விழுங்கிய கொய்யாத் துண்டோடு ஒரு விதையும் அவன் இரைப்பைக்குள் போய் விழுந்தது.

"மீன் முள்ளையே கரைச்சவன் நான். இங்க வந்த எவனும் முழுசா வெளியே போனதில்ல!" என்று இரைப்பை உறுமியது.

"சரிங்கண்ணே, கரைச்சுப் பாருங்க" என்றது விதை.

இரைப்பை அமிலத்தை ஊற்றி மூன்று மணி நேரம் கடைந்தது. பழம் கூழானது. எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டு, வேலை முடிந்ததென்று சுருண்டு படுத்தது. சிறுகுடல் இனிப்பை உறிஞ்சியது, பெருங்குடல் தண்ணீரை எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை விதை முழுசாக வாய்க்கால் கரையில் விழுந்தது.

அது முளைத்து மரமாகிக் காய்த்தது. அதே மனிதன் ஒரு பழத்தைப் பறித்துத் தின்றான்.

"இங்க வந்த எவனும் முழுசா வெளியே போனதில்ல!" என்று இரைப்பை உறுமியது.

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு அம்மா சொன்னாங்க" என்றது புது விதை.